நான்காவது கோப்பையிலும் அலுக்காத தேநீர்: கோடைக்கு எந்த மூலிகை, எவ்வளவு, எப்படி

கோடைக்கு எந்த மூலிகைத் தேநீர் நல்லது என்று கேட்டால், வருகிற பதில் பெரும்பாலும் மருந்துச்சீட்டு போலத்தான் இருக்கும். இது சூட்டைத் தணிக்கும், அது ரத்தத்தைச் சுத்தம் செய்யும், இன்னொன்று நச்சை வெளியேற்றும் என்பார்கள். கேட்டது தாகத்தைப் பற்றி, சொல்வது நோயைப் பற்றி. இந்தக் குழப்பத்தில்தான் பலர் தவறான பொட்டலத்தை எடுக்கிறார்கள்.

ஒரு கோப்பை மூலிகைத் தேநீரில் 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். உடலில் நீர் குறையாமல் காப்பது அந்தத் தண்ணீர். மூலிகையின் வேலை அதைவிட எளியது: வெறும் தண்ணீர் அலுத்துப்போன நேரத்தில் இன்னொரு கோப்பை குடிக்கத் தோன்றவைப்பது. இது சின்ன விஷயமல்ல. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1996இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, உடற்பயிற்சி செய்பவர்கள் குடிக்கும் நீர் 15 முதல் 22 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில், சுவை சேர்ந்ததாக இருந்தால் அதிகம் குடிப்பார்கள் என்று சொன்னது. மனிதர்களின் தாகம் கொஞ்சம் சோம்பேறித்தனமானது. இழந்த நீர் முழுவதும் திரும்புவதற்கு முன்பே ‘போதும்’ என்று சொல்லிவிடும். அதை இன்னும் சற்று நீட்டிக்கும் சுவைக்கு அதனால்தான் மதிப்பு.

இதை ஒப்புக்கொண்டால் தேர்வு முறை தலைகீழாகிவிடும். நாளெல்லாம் லிட்டர் கணக்கில் குடிக்கும் பானத்தில் உடலுக்குள் பெரிய வேலை எதையும் செய்யாத மூலிகையே சிறந்தது. வினை வலுவாக உள்ள மூலிகை மருந்து. மருந்தைத் தாகத்துக்குக் குடிக்கக் கூடாது.

தேநீர் தண்ணீர்க் கணக்கில் சேருமா?

சேரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் வகுத்த அளவுப்படி, மிதமான வெயிலும் மிதமான உழைப்பும் உள்ள சூழலில் ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 2.5 லிட்டர், பெண்களுக்கு 2 லிட்டர் நீர் வேண்டும். இது உணவிலிருந்து கிடைக்கும் நீரும் சேர்ந்த கணக்கு. அந்தப் பங்கு 20 முதல் 30 சதவீதம். மீதியைக் குடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். கடும் வெயிலில் வேலை செய்பவருக்கு ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டர் வியர்வை போகக்கூடும் என்பதால், கோடையில் இந்த எண்ணைக் குறைந்தபட்சமாகத்தான் கொள்ள வேண்டும்.

தேநீர் நீரை வெளியேற்றிவிடும் என்ற பயம் காஃபீனிலிருந்து வந்தது. ரொனால்ட் மாகன் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 72 ஆண்களுக்குப் பல பானங்களைக் கொடுத்து, அவர்கள் கழித்த சிறுநீரை நான்கு மணி நேரம் அளந்தார்கள். சாதாரண தேநீரும் காபியும்கூட தண்ணீருக்குச் சமமாகவே உடலில் தங்கின. அதைவிட நன்றாகத் தங்கியவை பாலும், வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்பு-சர்க்கரைக் கரைசலும். காஃபீனே இல்லாத மூலிகைத் தேநீருக்கு இந்தப் பயம் இன்னும் தேவையில்லை. ஆனால் ‘மூலிகை’ என்று எழுதியிருந்தாலே காஃபீன் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தென்னமெரிக்க இலைகளான யெர்பா மாத்தே, குவாயூசா இரண்டும் தேயிலைச் செடியிலிருந்து வராதவை, ஆனால் காஃபீன் உள்ளவை. பல கலவைகளில் பச்சைத் தேயிலையும் கலந்திருக்கும். அவற்றால் உடல் வறண்டுவிடாது. கெடுவது தூக்கம். புழுக்கமான இரவில் ஏற்கெனவே தூக்கம் அரைகுறை. மாலைக்கு மேல் அவை வேண்டாம்.

குளிர்ச்சி என்பது இரண்டு வேறு விஷயங்கள்

புதினா குடித்தால் குளிர்கிறது. அது பொய்யில்லை, ஆனால் உடல் வெப்பம் குறைந்ததும் இல்லை. வாயிலும் தோலிலும் உள்ள நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பி இருக்கிறது. வெப்பநிலை ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அது திறந்து, மூளைக்குக் ‘குளிர்’ என்று செய்தி அனுப்பும். புதினாவிலுள்ள மென்தால் அதே ஏற்பியில் ஒட்டிக்கொண்டு, குளிர் இல்லாமலேயே அதைத் திறந்துவிடுகிறது. 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படபூட்டியான் இருவரும் இந்த ஏற்பியைத் தனித்தனியே கண்டறிய உதவியது மென்தால்தான். இஞ்சி இதற்கு நேர் எதிர்: சூட்டையும் மிளகாய்க் காரத்தையும் உணரும் ஏற்பியை அதன் காரப்பொருள் தூண்டுகிறது.

ஆக, புதினாத் தேநீர் தரும் குளிர்ச்சி உணர்வு சார்ந்தது. குடிக்கத் தூண்டுவதற்கு அது போதும். ஆனால் வெயிலில் வேலை செய்பவர் ‘உடம்பு குளிர்ந்துவிட்டது’ என்று நம்பி ஓய்வைத் தள்ளிப்போட்டால் அந்த உணர்வே வினையாகிவிடும்.

சூடான தேநீர் குடித்தால் உடல் குளிரும் என்ற பழைய பேச்சுக்கும் ஓர் அடிப்படை உண்டு, ஒரு நிபந்தனையோடு. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மிதிவண்டி மிதித்தவர்களுக்கு 1.5 டிகிரி முதல் 50 டிகிரி வரை வெவ்வேறு சூட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். 50 டிகிரி நீர் குடித்தவர்களின் உடலில் தேங்கிய வெப்பம், குளிர்நீர் குடித்தவர்களைவிடக் குறைவு. வயிற்றில் சூட்டை உணர்ந்த உடல் அதிகமாக வியர்க்கிறது. அந்தக் கூடுதல் வியர்வை ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம், பானம் கொண்டுவந்த வெப்பத்தைவிட அதிகம். ஒரு கிராம் வியர்வை ஆவியாக சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. 50 டிகிரி நீர் ஒரு கிராம், உடலின் 37 டிகிரிக்கு மேல் கொண்டுவருவது 13 கலோரிதான். (உணவுப் பொட்டலத்தில் எழுதும் கிலோகலோரி வேறு.)

நிபந்தனை என்னவென்றால், வியர்வை முழுவதும் ஆவியாக வேண்டும். காற்று வறண்டும் வீசிக்கொண்டும் இருக்க வேண்டும், உடை மெல்லியதாக இருக்க வேண்டும். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை சொட்டிக் கீழே விழுகிறது. சொட்டும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை, உடலின் நீரைத்தான் குறைக்கிறது. வறண்ட ஊரில் சூடான தேநீர் ஒரு வழி. புழுங்கும் ஊரில் ஆறவைத்ததோ குளிரவைத்ததோதான் சரி. எங்கே இருந்தாலும் 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது வேண்டாம். அந்தச் சூட்டில் தொடர்ந்து குடிப்பதை உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள காரணமாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது.

எதை எடுக்கலாம்

நாள் முழுவதும் குடிக்க ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் எலுமிச்சைப்புல்லைத்தான் சொல்ல வேண்டும். வாசனை சிட்ரால் என்ற எண்ணெயிலிருந்து வருகிறது. புளிப்பு இல்லாததால் பல்லுக்கும் வயிற்றுக்கும் தொல்லை இல்லை. கசப்பும் துவர்ப்பும் மிகக் குறைவு. பச்சைத் தண்டு என்றால் ஒரு லிட்டருக்கு 30 கிராம், அதாவது நடுத்தர அளவில் இரண்டு மூன்று தண்டு. கத்தியின் முதுகால் தட்டி, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, ஐந்து நிமிடம் மெல்லிய கொதியில் விட்டு, மூடி போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். இதில் வழக்கமாக நடக்கும் தவறு, முழு இலையைத் தட்டாமல் கொதிநீரில் போட்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிடுவது. இலை நார் நிறைந்தது. எண்ணெய் இலைக்குள் உள்ள செல்களில் அடைந்திருக்கிறது. தட்டாவிட்டால் வெந்நீரில் நிறம் இறங்கும், மணம் இறங்காது.

புதினாவில் வகை முக்கியம். பெப்பர்மின்ட்டின் எண்ணெயில் மென்தால்தான் முதன்மை. ஸ்பியர்மின்ட்டில் மென்தால் பெயருக்குத்தான் இருக்கும், அதன் மணம் கார்வோன் தருவது. சமையலுக்கு விற்கும் புதினா பெரும்பாலும் இரண்டாவது வகை. அதனால் ‘பொட்டலத்தில் வாங்கியது குளிர்கிறது, பச்சைப் புதினா குளிரவில்லையே’ என்று யாராவது சொன்னால் இலையின் மேல் குற்றமில்லை, அது வேறு செடி. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் பெப்பர்மின்ட்டைத் தவிர்ப்பது நல்லது. அது உணவுக்குழாயின் அடிவாயைத் தளர்த்தி அமிலத்தை மேலே விட்டுவிடும். உலர் இலை லிட்டருக்கு 4 முதல் 5 கிராம் போதும். பொட்டலங்களில் எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் இதைப் போல இரண்டு மடங்கு. அது ஒரு கோப்பை குடிப்பவருக்கான அளவு. நாளெல்லாம் குடிப்பவருக்கு அந்த அடர்த்தி இரண்டாவது கோப்பையிலேயே திகட்டிவிடும்.

ரூய்போஸ் தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பகுதியில் விளையும் ஒரு புதர்ச் செடி. காஃபீன் இல்லை, டானின் என்ற துவர்ப்புப் பொருள் குறைவு. அதனால் எவ்வளவு நேரம் ஊறினாலும் கசக்காது. மறந்து வைத்துவிடுகிறவர்களுக்கு ஏற்ற தேநீர் இது. பத்து நிமிடம் வைக்க நினைத்து ஒரு மணி நேரம் வைத்தாலும் கெட்டுப்போகாது. ஆனால் குளிர்நீரில் மிக மெதுவாகத்தான் இறங்கும். கொதிநீரில் போட்டு ஆறவைப்பதே சரி. கறுப்புத் தேநீரை விட மனமில்லாமல், காஃபீனையும் குறைக்க வேண்டியவர்களுக்கு இதைவிட நெருக்கமான மாற்று கிடைப்பது கடினம்.

அடுத்தது செம்பருத்தித் தேநீர். இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் கோடையில் மிகுந்த விருப்பத்தோடு குடிக்கப்படுவதும், யோசிக்காமல் குடிக்கப்படுவதும் இதுதான். முதலில் பெயர். உலகெங்கும் ‘ஹைபிஸ்கஸ் டீ’ என்று விற்பது தோட்டத்துச் செம்பருத்திப் பூவின் இதழ் அல்ல. ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா என்ற புளிச்சை இனச் செடியின் சதைப்பற்றுள்ள செந்நிறப் புல்லிவட்டம் அது. புளிப்பும் அடர் சிவப்பும் அதிலிருந்துதான் வருகின்றன. தோட்டத்துச் செம்பருத்தி இதழை ஊறவைத்தால் நிறம் வரும், அந்தப் புளிப்பு வராது.

கோடைக்கு இதன் சாதகம், ஐஸ் நீரிலும் முழுமையாக இறங்குவது. அமிலமும் நிறமியும் நீரில் எளிதாகக் கரைபவை. லிட்டருக்கு 5 கிராம், ஃபிரிட்ஜில் நான்கு மணி நேரம் போதும். இரவு முழுவதும் வைத்தால் புளிப்பு நாக்கைக் கூசவைக்கும்.

இனி மறுபக்கம். அமெரிக்காவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்த 65 பேரில் ஒரு பகுதியினர் நாளுக்கு 240 மி.லி. வீதம் மூன்று கோப்பை செம்பருத்தித் தேநீர் ஆறு வாரம் குடித்தார்கள். கோப்பைக்கு 1.25 கிராம். அவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 7.2 புள்ளி இறங்கியது. போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1.3 புள்ளிதான். நல்ல செய்தி போலத் தெரியும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாளுக்கு ஒரு லிட்டர் குடிப்பவர் அந்த ஆய்வின் அளவைத் தாண்டிவிடுகிறார். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர், வியர்வையில் நீரும் உப்பும் போன நிலையில் இதையும் லிட்டர் கணக்கில் குடித்தால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றுவதற்கு வழி திறக்கிறது. அவருக்கு இது நாளுக்கு ஒரு கோப்பை, அதுவும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு. மலேரியாவுக்கான குளோரோகுயின் மாத்திரையோடும் இது சேராது. மருந்து உடலில் ஏறுவதைக் குறைக்கும். கர்ப்பிணிகள் தவிர்ப்பதே வழக்கம்.

பல்லையும் கவனிக்க வேண்டும். பல் எனாமல் பிஎச் 5.5-க்குக் கீழே கரையத் தொடங்கும் (பிஎச் குறையக் குறைய அமிலம் அதிகம்). செம்பருத்தித் தேநீரின் பிஎச் 3-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கும். கேடு செய்வது குடித்த அளவைவிடப் பல்லில் பட்டுக்கொண்டிருந்த நேரம். காலையிலிருந்து மாலைவரை பாட்டிலில் வைத்து ஒவ்வொரு வாயாக உறிஞ்சுவதுதான் மிக மோசமான முறை. ஒரே மூச்சில் ஒரு கோப்பை குடித்து, வெறும் நீரால் வாய் கொப்பளித்து, பல் துலக்குவதை அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள். அதே அமிலத்தால் அலுமினியப் பாத்திரமும் ஆகாது. கண்ணாடி, எவர்சில்வர், பீங்கான் சரி. கடின நீரில் போட்டால் சிவப்பு மங்கி ஊதா பாய்வது தூளில் உள்ள கலப்படம் அல்ல. நீரிலுள்ள பைகார்பனேட் அமிலத்தைக் குறைக்க, நிறமி அதற்கேற்ப மாறுகிறது.

சங்குப்பூவும் அப்படித்தான் நிறம் மாறும்: வெறும் நீரில் நீலம், எலுமிச்சை பிழிந்தால் ஊதா. அழகுக்குக் குறைவில்லை. சுவை என்று தனியாக ஒன்றும் கிடையாது. விருந்தினருக்குச் சரி, தாகத்துக்கு வேறு ஏதாவது சேர்க்க வேண்டும்.

கெமோமைல் எனும் சீமைச் சாமந்தியைப் பலரும் இரவுப் பானமாக மட்டும் நினைக்கிறார்கள். லிட்டருக்கு 6 கிராம் என்று குளிர்நீரில் ஊறவைத்தால் கசப்பு குறைந்து, ஆப்பிள் சாயலுள்ள மணம் மேலெழும். சாமந்திக் குடும்பப் பூக்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் இதைத் தொட வேண்டாம். துளசியும் இஞ்சியும் தனியே கோடைக்குக் கொஞ்சம் காட்டமானவை. எலுமிச்சைப்புல்லோடு பின்மணமாகச் சேர்த்தால் நன்றாக இருக்கும். லிட்டருக்கு ஐந்தாறு துளசி இலை, அல்லது இரண்டு மூன்று மெல்லிய இஞ்சிச் சீவல். சோம்பை நசுக்கித்தான் போட வேண்டும். முழுதாகப் போட்டால் பாதி மணம் விதைக்குள்ளேயே தங்கிவிடும்.

பொட்டலத்தின் பின்பக்கம்

முன்பக்கத்தில் படம், பின்பக்கத்தில் உண்மை. கோடைக் கலவைகளில் சர்க்கரை சேர்க்காமல் இனிக்கிறது என்றால் பட்டியலில் அதிமதுரத்தைத் தேடுங்கள். அதிலுள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. விளைவு: உடல் சோடியத்தைப் பிடித்துவைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளும், ரத்த அழுத்தம் ஏறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு இதற்கு நாளுக்கு 100 மில்லிகிராம் என்று மேல்வரம்பு சொன்னது. ஒரு கோப்பையில் சேதமில்லை. நாளுக்கு ஆறு கோப்பை, வாரக்கணக்கில் என்றால் தசை தளர்ச்சியும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். கோடைத் தாகத்துக்கு அதிமதுரம் கலந்ததை எடுக்காமலிருப்பதே பாதுகாப்பு.

‘டீடாக்ஸ்’, ‘ஸ்லிம்மிங்’ என்று எழுதியவற்றில் சென்னா எனப்படும் நிலாவாரை இலை அடிக்கடி இருக்கும். அது பேதி மருந்து. நீரைச் சேர்க்கக் குடிக்கும் பானம் நீரைக் குடல்வழியே வெளியேற்றுவது எவ்வளவு அபத்தம்! வயிறு இளைத்ததுபோல் தோன்றுவதும் அந்த நீர் போனதால்தான். டான்டிலியன் இலை, குதிரைவால் செடி, சோள நார் போன்றவை சிறுநீரைப் பெருக்க என்றே பயன்படுத்தப்படுபவை. உடல் வீக்கத்துக்கு யாராவது பரிந்துரைத்தால் அது வேறு கதை, வெயிலுக்கு அல்ல.

ஒரே மூலிகையை மாதக்கணக்கில் குடிக்காமல் மாற்றி மாற்றிக் குடிப்பது நல்லது, அதற்கு ஒரு காரணம் உண்டு. அறுவடையின்போது வயலில் உள்ள சில களைகள் கலந்துவிடும். அவற்றில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற, கல்லீரலைப் பாதிக்கும் பொருட்கள் இருக்கலாம். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2013இல் பல மூலிகைத் தேநீர்களில் இவற்றைக் கண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் இதற்கு மேல்வரம்பு நடைமுறையில் உள்ளது. தூளாக வாங்குவதைவிட இலை இலையாக, பூ பூவாகத் தெரியும்படி வாங்குவது நல்லது. களை கலந்திருந்தால் கண்ணுக்கு ஓரளவாவது தெரியும். தூளில் எதுவும் தெரியாது.

போடும் முறையும் கெடும் முறையும்

சூடாகப் போட்டு ஐஸ் சேர்ப்பவர்களின் முதல் புகார், தேநீர் நீர்த்துப்போகிறது என்பது. கணக்கு எளிது. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். 90 டிகிரியில் உள்ள அரை லிட்டர் தேநீரிடம் பூச்சியம் டிகிரிக்கு வருவதற்குள் கொடுக்க 45,000 கலோரி இருக்கிறது. 500 கிராம் ஐஸ் முழுவதையும் உருக்க 40,000 போதும். ஆக, அரை லிட்டர் சுடு தேநீரில் அரைக் கிலோ ஐஸ் போட்டால் ஒரு துண்டுகூட மிஞ்சாமல், 5 டிகிரியில் ஒரு லிட்டர் பானம் கிடைக்கும். எனவே ஒரு லிட்டருக்கான மூலிகையை அரை லிட்டர் நீரிலேயே ஊறவைக்க வேண்டும். 60 டிகிரிக்கு ஆறவிட்டுப் போட்டால் 375 கிராம்தான் உருகும், மீதி மிதக்கும். அளவும் கொஞ்சம் குறையும். இரண்டு மடங்கு அடர்த்தி வேண்டும் என்பதற்காக இரண்டு மடங்கு நேரம் ஊறவைப்பது தவறு. மூலிகையை இரட்டிப்பாக்குங்கள், நேரத்தை அல்ல. நேரம் கூடினால் இறங்குவது மணம் அல்ல, கசப்பு.

சூடாகப் போடும்போது மூடி கட்டாயம். ஆவியில் மணக்கிறதே என்று மகிழ்ந்தால், அந்த மணம் கோப்பையை விட்டுப் போய்விட்டது என்று பொருள். புதினா, துளசி, கெமோமைல் போன்ற மென்மையானவற்றுக்கு 5 முதல் 7 நிமிடம். எலுமிச்சைப்புல், ரூய்போஸுக்குப் பத்து. வேர், பட்டை, விதைகளைக் கொதிக்க விட வேண்டும், வெறுமனே ஊறவைத்தால் போதாது. பச்சை இலை என்றால் உலர் இலையின் எடையைப் போல நான்கைந்து மடங்கு எடுங்கள், ஏனென்றால் அதில் பெரும்பகுதி நீர். பச்சைப் புதினாவை உரலில் இடித்துக் குளிர்நீரில் போடுபவர்கள் சில மணி நேரத்தில் பழுப்பு நிறமும் புல் வாடையும் வருவதைப் பார்த்திருப்பார்கள். நொறுங்கிய செல்லில் உள்ள நொதிகள் காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை அது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு முறை தட்டினால் போதும்.

குளிர்நீரில் ஊறவைப்பது சுவைக்கு நல்லது, கசப்பு குறையும். பாதுகாப்பில்தான் கவனம் வேண்டும். உலர் மூலிகை வயலிலிருந்து வருவது. அதில் மண் கிருமிகளும் பூஞ்சை வித்துகளும் இருக்கும், சில நேரம் அதைவிட மோசமானவையும். ஜெர்மனியில் 2002-03இல் கைக்குழந்தைகளுக்கான மூலிகைத் தேநீரில் இருந்த ஒரு விதை வழியாக சால்மோனெல்லா பரவியது ஆவணமான செய்தி. கொதிநீர் இவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். குளிர்நீர் கொல்லாது. இதற்கு நடுவழி: மூலிகை நனையும்படி 100 மி.லி. கொதிநீரை ஊற்றி மூன்று நிமிடம் விட்டு, பிறகு 900 மி.லி. குளிர்ந்த குடிநீர் சேர்த்து, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். மணமும் இதனால் சீக்கிரம் இறங்கும். 6 முதல் 8 மணி நேரத்தில் வடிகட்டி, இலையை எடுத்துவிடுங்கள். 24 மணி நேரத்துக்குள் குடித்துவிடுவது நல்லது.

கண்ணாடிக் குடுவையை வெயிலில் வைத்துப் போடும் ‘சூரியத் தேநீர்’ பார்க்க அழகு. ஆனால் வெயிலில் நீர் எட்டும் சூடு கிருமியைக் கொல்லப் போதாது, வளர்க்கப் போதுமானது. 5 முதல் 60 டிகிரிவரை கிருமிகள் பெருகும் எல்லை, குடுவை மணிக்கணக்கில் அதற்குள்ளேயே நிற்கிறது. சர்க்கரையும் சேர்த்திருந்தால் இன்னும் வசதி. தெளிவாக இருந்த தேநீர் மறுநாள் கலங்கியிருந்தால், கரண்டியில் எடுக்கும்போது நூல்போல இழுத்தால், புளிக்காத தேநீரில் புளிப்பு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். சுவைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

இனிப்பு விஷயத்தில் ஒன்று. ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை. நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஆறு கோப்பை குடிக்கும் பானத்தில் கோப்பைக்கு ஒரு கரண்டி என்றால் கணக்கு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. இனிப்பு இல்லாமல் முடியாது என்பவர்கள் சோம்பை முயலலாம், அதன் மணமே இனிப்பாகத் தோன்றும். ஆனால் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சோம்புத் தேநீர் வேண்டாம்.

எப்போது குடிப்பது என்பதற்கும் விதி ஒன்று உண்டு: சாப்பாட்டோடு அல்ல. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு குடித்த பெப்பர்மின்ட் தேநீர் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதை 84 சதவீதம் குறைத்தது, கெமோமைல் 47 சதவீதம். காஃபீன் இல்லாததால் எல்லா நேரத்துக்கும் ஏற்றது என்று நினைக்கும் ரத்தசோகைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், சாப்பாட்டுக்கு வெறும் நீர்.

தேநீரால் முடியாத இடம்

வியர்வையில் போவது நீர் மட்டுமல்ல. ஒரு லிட்டர் வியர்வையில் ஆளுக்கு ஆள் மாறி ஏறக்குறைய அரை கிராம் முதல் ஒன்றரை கிராம் வரை சோடியம் போகும். மூலிகைத் தேநீரில் சோடியம் ஏறத்தாழ இல்லை. வீட்டிலும் நிழலிலும் இருப்பவருக்கு மூன்று வேளைச் சாப்பாட்டிலுள்ள உப்பே அதை ஈடுகட்டிவிடும். வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உழைப்பவருக்கு அப்படியல்ல. உப்பில்லாத நீரை மட்டும் ஏராளமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். இது நீர் குறைந்ததற்கான அறிகுறிபோலவே இருப்பதால் இன்னும் குடிக்கச் சொல்லி நிலைமையை மோசமாக்குபவர்கள் உண்டு. வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்கு அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனங்கள் சொல்வது: 15-20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை, அதாவது 240 மி.லி.; எப்படியும் மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்டக் கூடாது.

அப்படி உழைக்கும் நாளில், ஆறிய எலுமிச்சைப்புல் தேநீர் ஒரு லிட்டரில் கால் தேக்கரண்டி உப்பும், அதாவது ஒன்றரை கிராம், 30 கிராம் சர்க்கரையும் கரைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு வீரர்களுக்கான பானங்களில் உள்ள சோடிய அளவுக்கு இது கிட்டத்தட்டச் சமம். உப்புக் கரிப்பு தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம், சர்க்கரை தொடர்பான நோய் உள்ளவர்கள் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்துவிட்டால் இந்தக் கைவைத்தியமும் போதாது. அப்போது வேண்டியது ஓஆர்எஸ் பொட்டலம். அதைச் சுவைக்காக மூலிகைத் தேநீரில் கலக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அது தவறு. ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் என்று அந்தக் கலவை அளந்து செய்யப்பட்டது. குடலில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகும்போதுதான் நீரும் கூடவே போகிறது. தேனோ சர்க்கரையோ சேர்ந்த தேநீரில் கரைத்தால் கரைசல் அடர்ந்து, நீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை அதிகமாக்கிவிடும். சுத்தமான குடிநீரில், பொட்டலத்தில் எழுதிய அளவில் மட்டுமே கரைக்க வேண்டும். வெயிலில் நின்றவர் உளறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள்.